குழித் தண்ணீர்

நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது குழியில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவது என் தொழில். சைட்டில் இதை டீவாட்டரிங் என்பார்கள். பில்லில் பெரும்பாலும் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அதியமான்கோட்டை. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பாதையில், தொப்பூர் கணவாய்க்கு முன்னால் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் காலபைரவர் கோயிலைச் சொன்னால் தெரியும். தேய்பிறை அஷ்டமியில் பூசணிக்காய் விளக்கு ஏற்ற வருகிற வண்டிகள் சாலை வரை நிற்கும். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சென்றாயப் பெருமாள் கோயில் சுவரோவியங்களைக் கேட்பார்கள். எனக்கு இது சாலைகள் வந்து சேர்கிற ஊர். பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை, 2010இல் எண்களை மாற்றியபோது 44 ஆனது. மாலூர், ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வந்து இங்கே முடிந்த மாநில நெடுஞ்சாலை 17, பிறகு 844 என்ற தேசிய நெடுஞ்சாலையாகி நான்கு வழியாக விரிந்தது. காரில் போகிறவர் கண்ணில் படுவது தாரும் வெள்ளைக் கோடும்தான். அந்தத் தாருக்கு அடியில் சுரங்கப்பாதைக்கும் பாக்ஸ் கல்வெர்ட்டுக்கும் மேம்பாலத் தூணுக்கும் தோண்டி மூடிய குழிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஊற்று வந்த குழியில் எல்லாம் என்னைப் போல் ஒருவன் எஞ்சின் ஓட்டியிருப்பான்.

எங்கள் பக்கத்து மண்ணில் மேலே சில அடி செம்மண், அதன் கீழ் சுக்கான், அதற்கும் கீழே மக்கிய பாறை, பிறகு கெட்டிப் பாறை. மணற்பாங்கான கடலோரத்தில் செய்வது போல வரிசையாகச் சிறு குழாய்களை இறக்கி நீர்மட்டத்தையே தாழ்த்துகிற வேலை இங்கே எடுபடாது. குழியின் ஒரு மூலையை இரண்டு அடி கூடுதலாகத் தோண்டி, அதில் தண்ணீரைச் சேரவிட்டு, அங்கிருந்து இறைக்க வேண்டும். கரையில் வைத்த எஞ்சின் நடைமுறையில் இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேல் உறிஞ்சாது. அதற்கும் கீழே போனால் எஞ்சினையே குழிக்குள் இறக்க வேண்டும், அல்லது சப்மெர்சிபிளுக்கு மாற வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் மக்கிய பாறைக்கும் கெட்டிப் பாறைக்கும் இடையிலான சந்தில் வரும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றின் மேல் ஊற்றுக்கும் அந்தச் சந்துதான் வழி. எங்கள் தொழிலின் வம்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

காலமும் எங்களுக்கு எதிராகவே அமையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் ஆழமான குழிகளைத் தோண்டுவார்கள். மார்கழியில் தொடங்கி சித்திரை வரை ஓடும். அதே மாதங்களில் இந்த மாவட்டத்தின் கிணறுகள், யார் தோண்டினாலும் தோண்டாவிட்டாலும், தானாகவே இறங்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தபோது எங்கள் பக்கம் கிணறுகள் வற்றியதற்கு எந்தச் சாலைக்குழியும் காரணமில்லை. ஆனால் வற்றுகிற மாதத்தில் பக்கத்தில் ஒரு எஞ்சின் இரவும் பகலும் ஓடினால், தோட்டக்காரர் அதைத்தானே பார்ப்பார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கூலி விஷயம். சாலை, பாலப் பணிகளுக்கான மத்திய அமைச்சகத்தின் விவரக்குறிப்புப் புத்தகத்தில் 304ஆம் பிரிவு கட்டுமானத்துக்கான தோண்டுதலைப் பற்றியது. தண்ணீர் இறைப்புக்கு ஒப்பந்தத்தில் தனி ஏற்பாடு இல்லையென்றால், தோண்டுகிற விலைக்குள்ளேயே அதுவும் அடக்கம் என்கிறது அந்தப் பிரிவு. ஆக, எத்தனை நாள் இறைத்தாலும் ஒப்பந்ததாரருக்கு அது செலவு, வரவு கிடையாது. அவர் என்னிடம் கேட்கிற கேள்வி "டீசல் எவ்வளவு ஆச்சு" என்பதுதான். எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. வெளியே விடுகிற தண்ணீரால் பயிருக்கோ பிறர் சொத்துக்கோ சேதம் வராமல் ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல வரி. ஆனால் அது பேசுவது நாங்கள் வெளியே தள்ளுகிற தண்ணீரைப் பற்றி. நாங்கள் இழுக்கிற தண்ணீரைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்று. பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு சுரங்கப்பாதைக்குக் குழி தோண்டினார்கள். மார்கழி நடுவில் எஞ்சின் போட்டோம். தண்ணீர் போக வேறு வழியில்லை. ஊராட்சி வாய்க்கால் வழியாக ஏரிக்கு விடலாமா என்று ஒப்பந்த நிறுவனம் ஒரு கடிதம் கொடுத்தது, ஊராட்சி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. ஏரியில் தண்ணீர் சேர்ந்தால் யாருக்குக் கசக்கும்? மாசி முடிவதற்குள் குழிக்கு மேற்கே மூன்று கிணற்றுக்காரர்கள் மனுவோடு வந்தார்கள். ஒருவருக்குத் தக்காளி, ஒருவருக்குச் சாமந்தி, இன்னொருவருக்குத் தென்னை. ஏரிக்குக் கீழே இருந்த கிணறுகளிலோ அந்த வருடம் கோடையில் தண்ணீர் மேலே நின்றது. மேற்கே இருந்தவர் கிணற்றுத் தண்ணீரைக் கிழக்கே இருந்தவர் கிணற்றுக்கு நாங்கள் மாற்றி ஊற்றியிருக்கிறோம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. ஆண்டுக்கு நான்கு என்றிருந்த கிராம சபைக் கூட்டங்களை ஆறாக்கியபோது தமிழ்நாடு அரசு சேர்த்த இரண்டு நாட்களில் இது ஒன்று. தண்ணீரைச் சேமிப்போம் என்று உறுதிமொழி எடுத்து முடித்த கையோடு தக்காளிக்காரர் எழுந்தார்.

"ரோட்டுக்காரங்க வருவாங்க, போவாங்க. வாய்க்கால்ல விடலாம்னு எழுதிக் குடுத்தது ஊராட்சி. அப்ப ஊராட்சிதான் பதில் சொல்லணும் தலைவரம்மா."

தலைவரம்மா ஊராட்சிச் செயலரைப் பார்த்தார். செயலர் என்னைப் பார்த்தார். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கேள்வி உண்மையில் கடினமானது. பக்கத்து நிலத்தில் குழி தோண்டி ஒருவர் இறைத்து, அதனால் இன்னொருவர் கிணறு வற்றினால் சட்டம் என்ன சொல்கிறது? ஊரில் தர்மபுரி நீதிமன்றத்துக்குப் போய்வருகிற வக்கீல் தம்பி ஒருவர் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் மதராஸ், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு என்றே வந்தது. அதன் ஏழாவது பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றின்படி, வரையறுத்த கால்வாயாக ஓடாத நிலத்தடித் தண்ணீரைத் தன் எல்லைக்குள் சேர்த்து எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்த நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. மண்ணில் ஊறி வருகிற தண்ணீருக்கு வரையறுத்த கால்வாய் ஏது?

இந்த யோசனை இங்கிலாந்தில் பிறந்தது. 1895இல் பிராட்ஃபோர்டு நகராட்சி, மேட்டு நிலத்தில் பிக்கிள்ஸ் என்பவர் தோண்டுவதால் தன் குடிநீர் ஊற்றுகள் குறைகின்றன என்று பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. அந்த மனிதர் நகராட்சியிடம் விலை பேசத்தான் தோண்டினார் என்று வாதிட்டும் பலனில்லை. எந்த எண்ணத்தில் செய்தாலும் உரிமை உரிமைதான் என்றார்கள். எங்கள் வழக்குக்கு இன்னும் நெருங்கியது 1969இல் வந்தது. சர்ரே மாவட்டத்தில் எம்3 நெடுஞ்சாலைக்குத் தோண்டிய பள்ளங்களை உலர்வாக வைக்க இறைத்தார்கள். பக்கத்து மனையின் அடித் தண்ணீர் இறங்கி, கட்டடங்கள் அமிழ்ந்தன. நில நிறுவனம் சர்ரே கவுன்சில் மீது வழக்குப் போட்டது. நீதிபதி பிளவ்மேன் பழைய தீர்ப்புகளையே பின்பற்றி, பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். நெடுஞ்சாலை, தற்காலிக இறைப்பு, உள்ளாட்சி மன்றம் என்று எல்லாம் அப்படியே எங்கள் கதை. தக்காளிக்காரர் அங்கே பிறந்திருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்.

கேரளத்தில் 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து வழக்கில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வேறு வழியில் போனார். பிளாச்சிமடை கோலா தொழிற்சாலை வழக்கு அது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றி 2013இல் நீக்கிவிட்டது. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டு நெறிகள் கட்டுமானப் பள்ளங்களில் இறைக்கிற தண்ணீரையும் மீட்டர் வைத்து அளந்து கணக்குக் கொடுக்கச் சொல்கின்றன. அந்த ஆணையத்தின் அனுமதி முறைக்குள் வராமல் தன் விதிகளின்படி நடக்கிற மாநிலம் இது. சாலைக்கு நிலம் எடுக்கிற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிலம் கொடுத்தவரின் மீதிச் சொத்துக்கு வருகிற பாதிப்பையும் இழப்பீட்டில் பார்க்க இடம் உண்டு. ஆனால் நிலமே கொடுக்காத பக்கத்துக் கிணற்றுக்காரர் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

வக்கீல் தம்பி இதை எல்லாம் சொல்லி முடித்தபோது சாமந்திக்காரர் கேட்டார்: "அப்ப எங்க கெணறு வத்தினா கேக்க நாதியில்லைன்னு சொல்றீங்களா?"

"அப்படி இல்லண்ணா. யார் எடுத்தாங்கன்னு நிரூபிச்சாத்தானே மேல பேச முடியும்."

நிரூபிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. எந்தக் குழியிலும் எஞ்சினைத் தொடும் முன் சுற்றிலும் இருக்கிற கிணறுகளில் நாடா விட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கம். தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் சொன்னது அது. அவருக்குச் சட்டமெல்லாம் தெரியாது. நாளைக்கு அடி விழாமல் இருக்க என்று சொல்வார். கிணற்று மேடையின் ஓர் இடத்தில் பெயின்டால் கோடு போட்டு, அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் அளப்பேன். இறைக்கிற அளவுக்கு 200 லிட்டர் பேரல் போதும். டெலிவரி பைப்பை அதில் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், அந்தக் குழியில் 40 வினாடியில் நிறைந்தது. வினாடிக்கு 5 லிட்டர். எஞ்சின் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 4,32,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 36 லோடு. இந்தக் கணக்கைச் சபையில் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொறியாளர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டீசல் கணக்குதான் தெரியும்.

அளவுப் புத்தகத்தைப் பிரித்தேன். தக்காளிக்காரர் கிணறு எஞ்சின் போடும் முன் 31 அடியில் நின்றது; பொங்கலுக்கு முன் 38 அடிக்கு இறங்கியது. பொங்கலுக்குச் சைட் மூடினார்கள், எஞ்சின் நின்றது, குழி நிரம்பியது. மழை ஒரு துளி இல்லை. ஆனாலும் அவர் கிணறு 35 அடிக்கு ஏறியது. திரும்ப எஞ்சின் போட்டதும் திரும்ப இறங்கியது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அவர் தண்ணீரைத்தான் நான் இறைத்துக்கொண்டிருந்தேன். சாமந்திக்காரர் கிணறும் அதே போல ஏறி இறங்கியது, அளவு மட்டும் குறைவு.

தென்னைக்காரர் கிணறு குழிக்கு மிக அருகில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அது பொங்கலன்று ஏறவே இல்லை. நிதானமாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அருகில் இருப்பது ஏறாமல் தூரத்தில் இருப்பது ஏறுமா என்று சபையில் சிரித்தார்கள். இந்த மாவட்டத்தில் அப்படித்தான் நடக்கும். பாறைக்குள்ளே கறுப்பு டோலரைட் சுவர்கள் செங்குத்தாக ஓடுகின்றன. நிலத்துக்கு மேலே சில இடங்களில் உருண்டைக் கற்களின் வரிசையாகத் தலைகாட்டும். அந்தச் சுவர் பல இடங்களில் தண்ணீரைத் தடுக்கும். ஒரு பக்கக் கிணறு நிரம்பி இருக்க, அடுத்த பக்கத்தில் போர் போட்டால் புகைதான் வரும். தென்னைக்காரர் கிணற்றுக்கும் எங்கள் குழிக்கும் நடுவில் அப்படி ஒரு கல்வரிசை இருந்தது. அவர் கிணறு வற்றியதற்குக் கோடையும் அவருடைய மோட்டாரும்தான் காரணம். இலவச மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. ஊரார் முன் அதைச் சொன்னபோது அவருக்கு என் மேல் கோபம் வந்தது. வர வேண்டியதுதான்.

கட்டடம் இடிந்து விழாதா என்று ஒரு பெண் கேட்டார். கேட்டது சரிதான். கொல்கத்தா பவ்பஜாரில் 2019 ஆகஸ்ட் கடைசியில் மெட்ரோ சுரங்க எந்திரம் நீர்த்தேக்க அடுக்கில் மோதி, தண்ணீரும் மண்ணும் உள்ளே பாய்ந்து, மேலே வீடுகள் விழுந்தன. வீடிழந்த குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று மெட்ரோ நிறுவனம் அறிவித்தது. ஜெர்மனியில் கொலோன் நகரின் ஆவணக் காப்பகம் 2009 மார்ச்சில் மெட்ரோ குழிக்குள் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அனுமதித்த அளவைவிட அதிகமாக இறைப்புக் கிணறுகள் போட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வந்தது. அவையெல்லாம் ஆற்று மண்ணும் சரளையும். மணலும் களியும் தண்ணீரை இழந்தால் இறுகி அமிழும். எங்கள் பாறை அமிழாது. இங்கே இழப்பு வீட்டுச் சுவரில் தெரியாது, கிணற்றில்தான் தெரியும். அதனால்தான் இங்கே நிரூபிப்பதும் கடினம். விரிசலைப் படம் எடுக்கலாம், வற்றிய ஊற்றை எப்படிப் படம் எடுப்பது?

ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் கூட்டத்துக்கு வந்திருந்தார். தன்மையான மனிதர். "ஆயிரம் அடி போர் போட்டுக் குடுத்துடறோம்" என்றார். பெருந்தன்மையாகத் தோன்றும். எனக்கு அதில் சம்மதமில்லை, சபையிலும் சொன்னேன். தர்மபுரி மாவட்டத்தில் ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 என்பது இந்தியத் தரநிர்ணயம். அந்தத் தொல்லைக்காகவே ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013இல் திறந்தார்கள். மேல் ஊற்றுக் கிணற்றை எடுத்துக்கொண்டு ஆயிரம் அடி போர் கொடுப்பது ஈடாகாது. பாறையில் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தற்காலிகமாக எடுத்ததற்குத் தற்காலிகமாகவே ஈடு செய்யலாம்: எஞ்சின் ஓடுகிற நாட்களில் அந்தக் குழித் தண்ணீரையே ஏரிக்கு விடாமல், தெளிய வைத்து, தக்காளிக்காரர் வரப்புக்குப் பைப்பில் கொண்டுபோய் விடுவது. அவர் கிணற்றிலிருந்து வந்தது அவர் வயலுக்கே போகும். கான்கிரீட் போடுகிற நாட்களில் மட்டும் கூடாது. சிமெண்ட் கலந்த தண்ணீர் காரம், பயிர் கருகும்.

மேலாளர் பைப்புக்கு ஒப்புக்கொண்டார். ஏரிக்கு விட்ட அனுமதிக் கடிதத்தைப் பற்றி ஊராட்சிக்குப் பயம் நீங்கவில்லை. அது ஊராட்சி ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிற சிறு ஏரி. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை அப்படித்தான். தனக்கு முழு உரிமை இல்லாத ஏரிக்குத் தண்ணீர் விட ஊராட்சி தனியாக ஒப்புதல் கொடுத்திருந்தது. கிணறு வற்றியதற்கு ஊராட்சி பொறுப்பாகாது என்பது என் கருத்து. வாய்க்கால் தராவிட்டாலும் குழியில் தண்ணீர் ஊறியிருக்கும், இறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனையும் இல்லாமல் வாய்க்காலைக் கொடுத்தது அவர்கள் கையில் இருந்த ஒரே கயிற்றை விட்டுவிட்டது போல. தேசிய நெடுஞ்சாலை மேல் ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர் வெளியேறுகிற வழி மேல் உண்டு.

அடுத்த குழிக்கு அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தீர்மானத்தை வக்கீல் தம்பி எழுதினார்: எஞ்சின் போடும் முன் சுற்றுக் கிணறுகளை உரிமையாளர், ஊராட்சி, நிறுவனம் மூவரும் சேர்ந்து அளந்து ஒரே புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும், வாரம் ஒரு முறை திரும்ப அளக்க வேண்டும், விடுமுறையில் எஞ்சின் நிற்கிறபோது கட்டாயம் அளக்க வேண்டும், மட்டம் எஞ்சினோடு ஏறி இறங்குகிற கிணற்றுக்காரருக்கு நிறுவனம் இழப்பீடாகத் தண்ணீர் தர வேண்டும். வாய்க்கால் அனுமதி இதற்கு உட்பட்டது. மேலாளர் நான்காவது வரியில் இருந்த இழப்பீடு என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, தண்ணீர் வழங்குதல் என்று மாற்றினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். தலைவரம்மா கொஞ்சம் யோசித்து, "தண்ணி வந்தா சரி, பேர் என்னமோ இருக்கட்டும்" என்றார்.

அடுத்த பாக்ஸ் கல்வெர்ட் குழியில் இரண்டு கிணறுகள் எஞ்சினோடு ஏறி இறங்கின. குழியை மூடி மண் நிரப்புகிற வரை இரண்டு பேருக்கும் பைப் போனது. கான்கிரீட் நாட்களில் டேங்கர். தென்னைக்காரர் தாசில்தாரிடம் ஒரு மனு கொடுத்தார், பிறகு ஆர்டிஓவிடம் இன்னொன்று. விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் தீர்மானப்படி எழுதிய அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எங்கள் எஞ்சின் நின்ற பிறகும் அந்தக் கிணறு இறங்கிக்கொண்டே போனது அதில் வாரவாரம் இருந்தது, ஒவ்வொரு அளவுக்கும் எதிரே தென்னைக்காரரின் கையெழுத்தோடு.